குழவியும் கூண்டும்

ஒழுக்கவியல் பயில்வோர் பெரும்பாலும் பெரிய வினாக்களையே விரும்புவர். போர் நியாயமானதா, மரணதண்டனை தகுமா, தனியுடைமை நீதிக்கு ஏற்றதா என்பன பற்றி விரிவுரை மண்டபங்களிலும் விடுதி முற்றங்களிலும் நாம் ஓயாது வாதிடுகின்றோம். ஆயின் மனிதரின் அறவாழ்விற் பெரும்பகுதி இவ்வினாக்களுக்கு வெளியேதான் கழிகின்றது. விடுமுறை நாளொன்றில் எங்கே போவது, குழந்தைக்கு எதைக் காட்டுவது, அது கேட்கும் கேள்விக்கு என்ன விடை சொல்வது என்பன போன்ற சிறு தீர்மானங்களின் வழியாகவே ஒரு சமுதாயம் தன் விழுமியங்களை அடுத்த தலைமுறையிடம் கையளிக்கின்றது. அவை சிறியனவாதலால் எவரும் அவற்றை ஆராய்வதில்லை. ஆராயப்படாமையாலேயே அவை வலிமை பெறுகின்றன.

இக்கட்டுரை அத்தகைய சிறு தீர்மானம் ஒன்றையே பொருளாகக் கொள்கின்றது. நடக்கப் பழகிப் பேசத் தொடங்கிய குழந்தையொன்றை அழைத்துக்கொண்டு ஒரு குடும்பம் மிருகக்காட்சிச்சாலைக்குச் செல்கின்றது. இச்செயலில் அறம் பற்றிய வினா எதுவும் உண்டா? உண்டெனின், அது விலங்கைப் பற்றியதா, குழந்தையைப் பற்றியதா, அன்றிக் குழந்தையின் கையைப் பிடித்து நிற்கும் பெரியவர்களைப் பற்றியதா?

முதலில் இப்பயணத்தை அதற்குரிய நியாயத்தோடு நோக்குதல் வேண்டும். இலங்கையிலே பிறந்து வளர்ந்தவர்களுள் தெகிவளை என்ற பெயரைக் கேட்டதும் பழைய மகிழ்ச்சியொன்று மனத்தில் எழாதவர் சிலரே. மலையகத்திலிருந்தும் வடக்குக் கிழக்கிலிருந்தும் கொழும்புக்கு வரும் பாடசாலைச் சுற்றுலா வண்டிகள் காலிமுகத்திடலையும் நூதனசாலையையும் பார்த்துவிட்டுத் தெகிவளையையும் பாராமல் திரும்புவது அரிது. காட்டுக்குச் சென்று விலங்குகளைக் காண ஜீப் வண்டிக்கு வாடகை கொடுக்க இயலாத குடும்பத்துக்கு, அனுமதிச்சீட்டும் சோற்றுப் பொதியும் இருந்தால் ஒரு நாளை முழுமையாகக் கழிக்கக்கூடிய இடம் அது. தந்தைக்கு வேலையிலிருந்து ஒரு நாள் ஓய்வு. தாய்க்கு அடுப்படியிலிருந்து ஒரு நாள் விடுதலை. குழந்தைக்குத் தந்தையின் தோள். இம்மகிழ்ச்சி போலியானதன்று. வசதி படைத்தோர் யாலைக்கும் வில்பத்துவுக்கும் சென்று வந்து, வசதியற்றோரின் பொழுதுபோக்கைக் கொடுமை என்று பழிப்பது எளிது. அத்தகைய பழிப்பு இக்கட்டுரையின் நோக்கமன்று. மகிழ்ச்சி உண்மையானது என்பதை ஒப்புக்கொண்ட பின்னரே வினா தொடங்குகின்றது.

அவ்வினாவை எனக்கு எடுத்துத் தந்தது எந்த நூலுமன்று. ஒரு குழந்தையின் சொல். அண்மையில் என் தமக்கையாரின் குடும்பத்தோடு தெகிவளைக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. தமக்கையாரின் மகளுக்கு அப்போது மூன்று வயது நிறையவில்லை. பெரியவர்கள் ஆவலோடு சுட்டிக்காட்டியவற்றை அவள் அதிகம் பொருட்படுத்தவில்லை. ஒட்டகச்சிவிங்கியைச் சிறிது நேரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கீழே சிந்திய சோளப்பொரியைக் கொத்த வந்த காகத்தின் பின்னே ஓடினாள். அரியது, எளியது என்ற பாகுபாடு அவளிடம் இன்னும் ஏற்பட்டிருக்கவில்லை. சிங்கத்தின் இருப்பிடத்தின் முன்னே மாத்திரம் அவள் அசையாமல் நின்றாள். சிங்கம் நிழலிலே படுத்திருந்தது. "அப்பா, சிங்கம் குழப்படியோ?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை, கடிக்கும். அதுதான் உள்ளுக்கை விட்டிருக்கு" என்றார் தந்தையார். அவள் தன்னை வீட்டிலே கண்டிப்போர் செய்வதுபோல ஒற்றை விரலைச் சிங்கத்துக்கு ஆட்டிக் காட்டிவிட்டு அப்பால் நகர்ந்தாள். சூழ நின்றவர்கள் சிரித்தனர்.

எந்தத் தந்தையும் சொல்லக்கூடிய விடை அது. அன்போடும் அவசரத்தோடும் சொல்லப்பட்டது. எனினும் அவ்வினாவும் விடையும் சேர்ந்து ஒரு முழு அளவை வாதமாக அமைந்திருப்பதை நோக்குதல் வேண்டும். குழப்படி செய்தால் வெளியே விளையாட விடமாட்டார்கள் என்பதை அக்குழந்தை தன் அனுபவத்தால் அறிந்திருக்கின்றது. அடைத்துவைத்தல் தண்டனை, தண்டனை குற்றத்துக்கு உரியது, சிங்கம் அடைக்கப்பட்டிருக்கின்றது, ஆகவே சிங்கம் குற்றம் செய்திருக்கின்றது. தருக்கநூல் கற்ற எவரும் இவ்வாதத்தின் வடிவத்திற் குறைகாண இயலாது. பிழை இருப்பின் அது முதல் எடுகூற்றில் இருக்கின்றது. அடைக்கப்படுவதெல்லாம் தண்டனையன்று. ஆனால் அவ்வெடுகூற்றைக் குழந்தைக்குக் கொடுத்தவர்கள் நாம். அதன் முடிவையும் "ஓம்" என்ற ஒரு சொல்லால் உறுதிசெய்தவர்கள் நாம்.

'கடிக்கும்' என்பது உண்மைதான். ஆயின் அது சிங்கம் அங்கே இருப்பதற்குக் காரணமன்று. இலங்கையின் காடுகளிற் சிங்கம் இல்லை. கொழும்பு மாநகரில் எவரையும் தாக்கியதற்காக அது பிடிக்கப்படவில்லை. நாம் அதைக் காண விரும்பினோம். அதன் முன்னோரைக் கடல் கடந்து கொண்டுவந்தோம். கொண்டுவந்ததனால் அது நமக்கு ஆபத்தாயிற்று. ஆபத்தானதனால் தடுப்பு வேண்டியதாயிற்று. நம் விருப்பத்தின் விளைவாகத் தோன்றிய ஆபத்தை, அவ்விருப்பம் நிறைவேறியதற்குக் காரணமாகக் கூறுகின்றோம். காரியம் காரணத்தின் ஆசனத்தில் அமர்த்தப்படுகின்றது. மூன்று வயதுக் குழந்தையொன்று நீதி பற்றிக் கற்கும் முதற் பாடங்களுள் இதுவும் ஒன்றாகிவிடுகின்றது: உள்ளே இருப்பவர் ஏதோ செய்திருக்க வேண்டும்.

இப்பாடம் சிங்கத்தோடு நின்றுவிடுமானால் அதைப் பற்றி எழுதவேண்டிய தேவை இல்லை. நம் நாட்டில் அது அவ்வாறு நின்றதில்லை. 2009 ஆம் ஆண்டு போர் முடிவுற்றபோது வன்னியிலிருந்து வெளியேறிய இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள், கைக்குழந்தைகளும் முதியோரும் உட்பட, முட்கம்பி வேலியிட்ட முகாம்களில் மாதக்கணக்கில் வெளியே செல்ல அனுமதியின்றி வைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் செய்த குற்றம் யாது என்று வேலிக்கு வெளியே வாழ்ந்தோரிற் பலர் வினவவில்லை. வேலி இருப்பதே அவர்களுக்கு விடையாகப் பட்டது. மனிதரை விலங்கோடு ஒப்பிடுவது இங்குக் கருத்தன்று. அவ்வொப்பீடு துயருற்றோரை மேலும் இழிவுபடுத்துவதாகும். பார்ப்பவரின் மனம் இரண்டிடத்தும் ஒரே வழியில் இயங்குகின்றது என்பதே கருத்து. கம்பியைக் கண்டதும் கம்பிக்கு உள்ளே குற்றத்தைத் தேடுகின்ற மனம் எங்கோ ஓரிடத்தில், எவரோ ஒருவரின் விடையால் உருவாகின்றது.

இனி, காட்சிச்சாலை என்ற நிறுவனத்தின் வரலாறும் இவ்விடத்து நோக்கத்தக்கது. தெகிவளையின் தொடக்கம் ஜோன் ஹேகன்பெக் என்ற ஜேர்மானியருடையது. கொழும்பில் வாழ்ந்து வாணிகம் செய்த இவர், 1920களின் பிற்பகுதியில் அங்கு விலங்குகளைச் சேர்த்து வைத்தார். அதனை நடத்திய நிறுவனம் நலிவுற்றபின் 1936 இல் அரசு அதனைப் பொறுப்பேற்றது. இவருடைய தமையன் முறையான கார்ல் ஹேகன்பெக், ஹம்பேர்க் நகரைத் தளமாகக் கொண்டு உலகெங்கும் விலங்கு வாணிகம் செய்தவர். விலங்குகளை மாத்திரமன்றி மனிதரையும் அவர் காட்சிக்கு வைத்தார். 1870களின் நடுப்பகுதியில் வட ஐரோப்பாவின் சாமி மக்களைக் கொண்டு தொடங்கிய இம்முயற்சி, 1880களில் இலங்கையையும் எட்டியது. இந்நாட்டு யானைகளும் இந்நாட்டு மக்களும் ஒருங்கே கப்பலேற்றப்பட்டு ஐரோப்பிய நகரங்களிற் காட்டப்பட்டனர். சீட்டு வாங்கிக்கொண்டு வந்த குடும்பங்கள் தம் குழந்தைகளைத் தோளில் ஏற்றி அவர்களைக் காட்டின.

அமெரிக்காவில் இது மேலும் வெளிப்படையாக நிகழ்ந்தது. 1906 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் மிருகக்காட்சிச்சாலையில், கொங்கோவைச் சேர்ந்த ஒட்டா பெங்கா என்ற இளைஞர் குரங்குகளின் கூடத்தில் ஒராங்குட்டானோடு சேர்த்துக் காட்சிக்கு வைக்கப்பட்டார். கறுப்பின மதகுருமார் எழுப்பிய எதிர்ப்பின் பின்னரே அது நிறுத்தப்பட்டது. பத்து ஆண்டுகளின் பின், 1916 இல், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அக்காட்சியைப் பார்க்கச் சென்ற பல்லாயிரவரும் கொடியவர் அல்லர். அவர்களும் ஓய்வு நாளிற் குழந்தைகளுக்கு எதையேனும் காட்ட விரும்பிய சாதாரணக் குடும்பத்தினரே. பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் இடையிலுள்ள கோடு இயற்கையால் வரையப்பட்டதன்று, அதிகாரத்தால் வரையப்பட்டது என்பதையே இவ்வரலாறு உணர்த்துகின்றது. அக்கோடு ஒருகால் நம் முன்னோரையும் மறுபக்கத்தில் நிறுத்தியிருந்தது.

கார்ல் ஹேகன்பெக்கின் மற்றொரு புதுமையும் குறிப்பிடத்தக்கது. 1907 இல் ஹம்பேர்க்கை அடுத்த ஸ்டெலிங்கனில் அவர் திறந்த பூங்காவிற் கம்பிகளுக்குப் பதிலாக அகழிகளை அமைத்தார். பார்வையாளரின் கண்ணுக்கு அகழி தெரியாது. விலங்கு சுதந்திரமாக உலவுவதுபோலத் தோன்றும். உலகின் பல காட்சிச்சாலைகள் பின்னர் இம்முறையைப் பின்பற்றின. விலங்குக்கு இதனாற் சிறிது இடமும் வெளிச்சமும் கிடைத்தன என்பதை மறுக்கலாகாது. ஆயினும் பார்ப்பவருக்குக் கிடைத்தது வேறொன்று. கம்பி தெரியும் இடத்திற் குழந்தை 'குழப்படியோ' என்று கேட்கும். கம்பி மறைந்த இடத்தில் அக்கேள்வி எழாது. அடைப்பு நீங்கவில்லை, அடைப்பைப் பற்றிய கேள்வியே நீங்கியது.

நம் மரபு இவ்விடயத்தில் யாது கூறுகின்றது? தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்து மனிதரை உச்சியில் வைப்பதைப் பலரும் அறிவர். அதே இயலின் தொடக்கத்தில் இளமைப் பெயர்கள் பற்றிய பகுதி இருப்பதை நாம் அத்துணை நினைவுகூர்வதில்லை. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது பெயர்களைத் தந்து, எவ்வெவ்வுயிரின் இளமைக்கு எவ்வெப்பெயர் உரியது என்று அது வரையறுக்கின்றது. மனிதக் குழந்தைக்கு உரியனவாக அது கூறுவன குழவி, மகவு என்ற இரண்டே. இவ்விரண்டும் மனிதருக்கு மட்டும் உரியன அல்ல. குழவி என்ற பெயர் யானைக்கும் உண்டு. மகவு என்ற பெயர் மரத்தில் வாழும் குரங்குக்கும் உண்டு. ஓரறிவுயிரான மரஞ்செடிகளுக்குக்கூடப் பிள்ளை, கன்று, குழவி முதலிய பெயர்கள் பொருந்தும். தென்னம்பிள்ளை என்று நாம் இன்றும் சொல்வது இம்மரபின் தொடர்ச்சியே. ஆறாம் அறிவை மனிதருக்கென ஒதுக்கிய அதே இலக்கணம், மனிதரின் குழந்தைக்கெனத் தனிப்பெயர் ஒன்றை ஒதுக்கவில்லை. அறிவினால் வேறுபடுவோர் இளமையினால் ஒன்றுபடுகின்றனர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். காகத்தின் பின்னே ஓடிய குழந்தையும் அப்பாகுபாடின்மையையே தன் வழியிற் காட்டியது.

பட்டினப்பாலை மற்றொரு சான்று தருகின்றது. பகைவரின் சிறையிலே வளர்ந்த இளம் கரிகாலனுக்கு அது கூறும் உவமை, கூட்டிலே வளர்ந்த புலிக்குருளை. அப்புலிக்குருளை குற்றம் செய்தது என்று எவரும் பொருள் கொள்வதில்லை. வலியவர் சிலர் அதனை அடைத்தனர், அதன் வலிமை உள்ளேயும் வளர்ந்தது என்றே கொள்கின்றோம். கூண்டைக் கண்ட புலவரின் கண் கூண்டுக்குள் இருப்பதைப் பழிக்கவில்லை. சைவசித்தாந்தமோ உயிரைக் குறிக்கத் தேர்ந்துகொண்ட சொல்லே 'பசு' என்பது. கயிற்றாற் கட்டுண்ட விலங்கின் நிலை அச்சொல்லிலும் 'பாசம்' என்ற சொல்லிலும் அடங்கியுள்ளது. கட்டுண்டிருத்தல் ஏதோ ஓரினத்துக்குரிய இழிவன்று, எல்லா உயிர்க்கும் பொதுவான நிலை. கட்டினின்றும் விடுபடுதலே எல்லா உயிரும் நாடும் பேறு என்பது அத்தத்துவத்தின் சாரம்.

இதனைக் கொண்டு நம் முன்னோர் விலங்குகளைத் துன்புறுத்தாதிருந்தனர் என்று பெருமை பேசிவிடவும் கூடாது. குழி வெட்டி யானை பிடித்ததையும், கிளியைக் கூட்டில் வளர்த்ததையும் பழைய இலக்கியங்களே கூறுகின்றன. கோயில் வாயிலிற் சங்கிலியோடு நிற்கும் யானையைக் கண்டு கைகூப்பிச் செல்வோர் இன்றும் நம்மிடையே உளர். கருத்து உயர்ந்ததாக இருக்க நடைமுறை அதனோடு ஒவ்வாதிருத்தல் நமக்குப் புதியதன்று. மரபு நமக்குத் தருவது பெருமைக்குரிய சான்றிதழையன்று. நம்மை அளந்து பார்ப்பதற்கான ஓர் அளவுகோலை.

மேலைத்தேயச் சிந்தனையாளரும் இவ்வினாவை அணுகியுள்ளனர். விலங்குகளுக்கு நாம் நேரடியான கடமை எதுவும் உடையோமல்லோம் எனக் கருதிய இம்மானுவேல் கான்ற், ஆயினும் விலங்குகளுக்குக் கொடுமை செய்பவன் மனிதரிடத்தும் கடுமையுடையவனாகிவிடுவான் என எச்சரித்தார். ஜெரமி பெந்தம் 1789 இல் வெளிவந்த தம் நூலில், ஓர் உயிர் சிந்திக்க வல்லதா, பேச வல்லதா என்பதன்று, துன்புற வல்லதா என்பதே கேள்வி என்று வினாவையே மாற்றியமைத்தார். 1975 இல் பீற்றர் சிங்கர் எழுதிய 'விலங்கு விடுதலை' என்ற பொருளுடைய நூல் இவ்வழியே சென்றது. விலங்கின் துன்பம் இன்று ஊகம் மட்டுமன்று. ஒக்ஸ்போட் ஆய்வாளர் இருவர் 2003 இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, ஊனுண்ணிகளுள் இயற்கையிற் பரந்த நிலப்பரப்பில் உலவுபவையே அடைப்பில் மிகுதியாக அல்லற்படுகின்றன என்று காட்டியது. ஒரே தடத்தில் இடையறாது நடந்துகொண்டிருத்தல், இளங்குட்டிகளின் இறப்பு ஆகியன அவற்றிடையே கூடுதலாகக் காணப்பட்டன.

பெந்தமின் வழி விலங்கினுள் நிகழ்வதைப் பார்க்கின்றது. கான்றின் வழி மனிதனுள் நிகழ்வதைப் பார்க்கின்றது. குழந்தை இடையில் நிற்கும்போது இரண்டும் ஒன்றுசேர்கின்றன. ஆனால் கான்றின் எச்சரிக்கை இங்கு ஒரு திருத்தத்தை வேண்டுகின்றது. காட்சிச்சாலைக்குச் செல்லும் குழந்தை கொடுமை செய்யக் கற்பதில்லை. அது விலங்கிடம் ஆசையோடுதான் செல்கின்றது. அது கற்பது, தான் பார்ப்பதற்காகவே மற்றவை இருக்கின்றன என்பதையும், அவை உள்ளே இருப்பதற்கு அவையே பொறுப்பு என்பதையும். கொடுமையினும் இது அமைதியான பாடம். கொடுமையை நாம் கண்டிப்போம். இதைக் கண்டு சிரிக்கின்றோம்.

காட்சிச்சாலையின் சார்பிற் கூறப்படுவன இரண்டு. கல்வி என்பது முதலாவது. படத்திற் காணும் யானைக்கும் நேரிற் காணும் யானைக்கும் உள்ள வேறுபாட்டை எந்நூலும் கற்பிக்காது. அதன் பருமனும் மூச்சும் மணமும் நேரிலேதான் உணரத்தக்கன. இதில் உண்மையுண்டு. ஆயின் நேரிற் காணல் என்பதும் எல்லோர்க்கும் ஒன்றன்று. வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் அநுராதபுரத்திலும் வயலோரம் வாழும் குழந்தைக்கு யானை காட்சிப்பொருளன்று. இரவில் வேலியை முறித்து வரும் அச்சம். இலங்கையில் 2019 முதல் 2023 வரையான ஒவ்வோர் ஆண்டிலும் 300க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் உயிரிழந்தனர். ஓரிடத்தில் யானை கொல்லவும் கொல்லப்படவும் செய்கின்றது; மற்றோரிடத்தில் அது வேடிக்கை காட்டுகின்றது. தெகிவளையில் நெடுங்காலம் நடைபெற்ற யானைகளின் மாலைக்காட்சியைக் கண்டு களித்த நகரத்துக் குழந்தைக்கு, விவசாயியின் யானையைப் பற்றி எவரேனும் கூறினரா? கூறாதவரை அது கல்வியாகாது.

பாதுகாப்பு என்பது இரண்டாவது வாதம். இது வலிமையானது. அராபிய ஓரிக்ஸ் மான் 1972 இல் இயற்கையில் முற்றாக அற்றுப்போன பின், காப்பகங்களிற் பெருக்கப்பட்டு 1982 இல் ஓமான் பாலைநிலத்தில் மீண்டும் விடப்பட்டது. கலிபோர்னியாவின் கொண்டோர் கழுகுகள் 30க்கும் குறைந்தபோது, 1987 இல் எஞ்சியவை யாவும் பிடிக்கப்பட்டன. 1992 முதல் அவற்றின் வழித்தோன்றல்கள் வானுக்குத் திரும்பின. இவற்றைச் செய்தவர்களைக் குறைகூற எவர்க்கும் உரிமை இல்லை. ஆனால் இவ்வாதம் எல்லாக் கூண்டுகளையும் காக்காது. திரும்பிச் செல்வதற்காக அடைக்கப்படுதல் வேறு. பார்க்கப்படுவதற்காக அடைக்கப்படுதல் வேறு.

நம் நாட்டிலேயே இவ்வேறுபாட்டைக் காணலாம். உடவளவையில் 1995 இல் தொடங்கப்பட்ட யானைகள் இடைத்தங்கல் இல்லம் தாயை இழந்த கன்றுகளை வளர்த்து, அவை வளர்ந்ததும் காட்டில் விடுகின்றது. இதுவரை நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் அவ்வாறு திரும்பியுள்ளன. பார்வையாளர் அங்குப் பாலூட்டும் வேளையிற் சற்றுத் தொலைவில் நின்று மாத்திரமே பார்க்கலாம். 1975 இல் தொடங்கப்பட்ட பின்னவலை யானைகள் சரணாலயமும் தாயற்ற கன்றுகளுக்காகவே ஏற்பட்டது. ஆயின் அது காலப்போக்கிற் சுற்றுலாப் பயணிகளைக் கவரும் இடமாயிற்று. யானைகள் அங்கேயே தங்கி அங்கேயே ஈன்றன. எனினும் அங்குக் கொண்டுவரப்பட்டவற்றுள் கண்ணிவெடியில் ஒரு காலை இழந்த சாமா என்ற யானையும் ஒன்று. அதனைக் காட்டில் விடுதல் இரக்கமாகாது. ஆகவே எல்லா அடைப்பும் தீது என்றும், எல்லா அடைப்பும் நன்று என்றும் பொதுவிதி கூற இயலாது. ஒவ்வொரு கூண்டுக்கும் தனித்தனியே காரணம் கேட்கவேண்டும்.

அக்காரணத்தைச் சோதிக்க ஓர் எளிய முறை உண்டு என்பதே இக்கட்டுரையின் துணிபு. கூண்டின் முன் நிற்கும் குழந்தையிடம், விலங்கின் மேல் இல்லாத குற்றத்தைச் சுமத்தாமல், அக்காரணத்தைச் சொல்ல முடியுமா? 'இந்த யானைக்குட்டிக்கு அம்மா இல்லை. வளர்ந்ததும் காட்டுக்குப் போய்விடும்' என்று உடவளவையிற் சொல்லலாம். 'நாங்கள் சண்டை பிடித்து நிலத்திற் புதைத்த வெடியில் இதன் கால் போய்விட்டது. அதனால் நாங்கள்தான் பார்க்கவேண்டும்' என்று சாமாவைக் காட்டிச் சொல்லலாம். சொல்லும்போது நாம் தலைகுனிய நேரலாம், ஆயினும் சொல்லலாம். 'நாங்கள் பார்க்க ஆசைப்பட்டோம், அதனாற் கொண்டுவந்து வைத்திருக்கின்றோம்' என்பதைச் சொல்ல நா எழுவதில்லை. நா எழாமையாலேயே 'கடிக்கும்' என்கின்றோம். எந்தக் கூண்டின் முன் பொய் தேவைப்படுகின்றதோ அந்தக் கூண்டுக்கு நியாயம் இல்லை.

குழந்தை எதையும் நம்பும். ஆகவே குழந்தையைச் சோதனைக் கருவியாகக் கொள்ளலாமா என்று வினவக்கூடும். இச்சோதனை குழந்தையின் ஏற்பைச் சார்ந்ததன்று. சொல்பவரின் வாய்மையைச் சார்ந்தது. அறிவுடையோர் அவையில் நாம் பொருளாதாரம், சுற்றுலா, மரபு, ஆராய்ச்சி எனப் பெரிய சொற்களுக்குப் பின்னே மறைந்துகொள்ளலாம். மூன்று வயதுக் குழந்தையிடம் அச்சொற்கள் செல்லா. அங்கே காரணம் தன் எளிய வடிவத்தில் நிற்கவேண்டும். இன்னொன்றும் உண்டு. உண்மையைச் சொன்னால் குழந்தை அடுத்த கேள்வியைக் கேட்கும்: 'அது எப்ப வீட்டை போகும்?' குற்றம் செய்ததாகச் சொன்னால் அக்கேள்வி எழாது. குற்றவாளியின் விடுதலையைப் பற்றி எவரும் வினவுவதில்லை.

அவ்வடுத்த கேள்விக்கு எளிய விடை இல்லை. பல தலைமுறையாக அடைப்பிலே பிறந்த சிங்கத்துக்குத் திரும்பிச் செல்ல வீடில்லை. கூண்டுகளை இன்றே திறந்துவிடுக என்பது அறமாகாது, அறியாமையாகும். இருப்பவற்றை அவற்றின் இறுதிவரை நன்கு பேணுதலும், பார்ப்பதற்காக மாத்திரம் புதியனவற்றைச் சேர்க்காதிருத்தலும், தாயிழந்ததையும் காயமுற்றதையும் ஏற்று, இயலுமாயின் திருப்பியனுப்பும் இடங்களாக இவற்றை மாற்றுதலும் நாடு செய்யத்தக்கன. இவை அரசின் கடமைகள். இவை நிறைவேறும்வரை காத்திராமல் ஒவ்வொரு குடும்பமும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அது சிறியது, செலவற்றது. பிள்ளை கேட்கும்போது, 'இல்லை, அது ஒரு குழப்படியும் செய்யவில்லை' என்று சொல்லுதல்.

இவ்விடையால் அன்றைய நாளின் மகிழ்ச்சி சிறிது குறையலாம். குழந்தை வருந்தலாம், அழவும்கூடும். ஆனால் உள்ளே இருப்பவரெல்லாம் குற்றவாளியர் அல்லர் என்பதை இளமையிலேயே அறிந்த ஒருவர், பிற்காலத்தில் எந்த வேலியைக் கண்டாலும், அது எவரைச் சூழ்ந்திருந்தாலும், உள்ளிருப்போரைப் பழிக்குமுன் வேலியிட்டோரிடம் காரணம் கேட்பார். சட்டநூலிலும் அரசியல் விஞ்ஞானத்திலும் நாம் பிற்காலத்திற் கற்க முயலும் பாடமும் இதுவே. அதனைப் பல்கலைக்கழகம் கற்பிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வெயிலிற் களைத்து, ஒரு கையிற் சோற்றுப் பொதியும் மறு கையிற் பிள்ளையுமாக நிற்கும் தாயோ தந்தையோ கற்பிக்கலாம். அவ்வாய்ப்பு அவர்களுக்கு ஒருமுறையேனும் வாய்க்கின்றது. அதற்குத் தேவையானது ஒரு வாக்கியமே.